எண்ணா எழுத்தா

பிரிந்து கிடப்பவற்றை ஒன்றுசேர்ப்பதே மனிதகுலத்தின் தலையாய கடமை. ஆறுகள் கடலில் சேர்கின்றன. உறவு உறவோடு சேர்ந்து ஊராகிறது. அறிவு அறிவோடு சேரும் இடத்தில் நாகரிகம் பிறக்கிறது.

இதைச் சொன்னவர் மருத்துவமனையின் இயக்குநர். புதிய கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்த மேடையில் சொன்னார். சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தி, பின்னாலிருந்த பெரிய திரையில் ஒரு நோயாளியின் விவரம் வருவதற்காகத் திரும்பி நின்றார். வரவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பி ஆறுகளை மறுபடியும் கடலில் சேர்த்தார். அப்போதும் வரவில்லை. மூன்றாவது முறை ஆறுகள் பாதி வழியில் இருந்தபோது திரையில் ஒரு மனிதரின் பெயர் தெரிந்தது. அவருக்கு மூலம் என்ற செய்தியும் பக்கத்திலேயே தெரிந்தது. கூட்டம் கைதட்டியது. அந்த மனிதர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து அந்தத் திரை அப்படித்தான். நோயாளியின் எண்ணைத் தட்டினால் அது யோசிக்கும். வரவேற்பு மேசைப் பெண் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்திருந்தாள். எது கேட்டாலும் உடனே பதில் சொன்னால் மரியாதை குறைந்துவிடும் என்று அது நினைப்பதாக அவள் கருத்து. எண்ணைத் தட்டிவிட்டு, "கேண்டீன்ல ஒரு டீ குடிச்சுட்டு வாங்க, வந்துடும்" என்று நோயாளிகளை அனுப்பிவைப்பாள். அந்த மருத்துவமனையில் திட்டத்தால் உண்மையாகவே பயன்பெற்றவர் கேண்டீன்காரர் ஒருவர்தான்.

தாமதத்துக்குக் காரணம் கணினிப் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் சரியாகவில்லை.

விஷயம் இதுதான். நோயாளி யார் என்ற விவரம் ஒரு டேபிளில், அதாவது கணினிக்குள் இருக்கும் ஓர் அட்டவணையில், இருந்தது. பெயர், வயது, முகவரி எல்லாம் அதில். அதைக் கட்டியவன் தம்பி. நோயாளிக்கு என்ன என்ற விவரம் இன்னொரு டேபிளில் இருந்தது. நோய், மருந்து, அடுத்து வரவேண்டிய நாள் எல்லாம் அதில். அதைக் கட்டியவள் அக்கா. இரண்டிலும் பொதுவாக இருந்தது நோயாளி எண். திரையில் விவரம் வரவேண்டுமானால் அந்த எண்ணை வைத்து இரண்டு டேபிளையும் கோக்க வேண்டும். ஜாயின் என்று அந்தப் பிரிவில் அதைச் சொல்வார்கள்.

அக்கா அந்த எண்ணை எண்ணாக வைத்திருந்தாள். தம்பி அதே எண்ணை எழுத்தாக வைத்திருந்தான். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு ஒன்றல்ல. அக்காவின் பக்கத்திலிருந்து ஓர் எண் வந்து தட்டினால், எழுத்து வரிசையில் அடுக்கிவைத்த தம்பியின் இன்டெக்ஸ் என்ற தேடுபட்டியல் அதற்கு உதவாது. அதனால் கணினி அவனுடைய டேபிளில் உள்ள ஒவ்வொரு வரியையும் எடுத்து, எழுத்தை எண்ணாக மாற்றி, நீதானா என்று கேட்டு, இல்லை என்றதும் அடுத்த வரிக்குப் போகும். ஒருவரைத் தேட ஊரையே எழுப்புகிற வேலை. இரண்டு டேபிளும் திட்டத்துக்கு முந்தியவை; அப்போது நோயாளிகள் கொஞ்சம் பேர், தெரியவில்லை. இப்போது லட்சத்தை நெருங்கிவிட்டார்கள்.

இரண்டு பேரில் ஒருவர் மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. ஆனால் அவர்கள் உண்மையாகவே அக்காவும் தம்பியும். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். பேசிக்கொள்வதில்லை.

அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே அவள்தான். 'தம்பிக்கும் ஒரு இடம் பாருங்களேன்' என்று அன்றைய தலைவரிடம் போய் நின்றாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது. அப்பா போனபிறகு வீட்டுப் பொறுப்பைப் பிரித்துக்கொண்டார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்வது அக்கா. அம்மாவுக்கு என்ன செய்யவேண்டும் என்று முடிவெடுப்பது தம்பி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பை ஆப்பிளோடு வந்து முடிவெடுத்துவிட்டுப் போவான். ஒருநாள் ஏதோ ஒரு முடிவை அவள் எதிர்த்துக் கேட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. ஆப்பிள் நிற்கவில்லை.

அலுவலகத்தில் இருவர் மேசைக்கும் நடுவில் மூன்றாவது மேசை ஒன்று இருந்தது. அதில் இருந்தவரை எல்லோரும் 'நடுநிலை' என்றே கூப்பிட்டார்கள். வாழ்க்கையில் எந்தக் கட்சியிலும் சேராமல் பெரிய வயிறு ஒன்றை மட்டும் சேர்த்துக்கொண்டவர். செய்தியை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கடத்துவது அவர் வேலையில் முக்கால் பங்கு.

"நடுநிலை, அவர்கிட்ட சொல்லுங்க. எண்ணுன்னு பேர் வச்சுட்டு அதை எழுத்தா சேமிக்கிறது எந்த ஊர் நியாயம்னு கேளுங்க."

தம்பி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான். நடுநிலை தன் நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார். "சார், அக்கா என்ன சொல்றாங்கன்னா..."

"கேட்டுச்சு. நோயாளி எண்ணை வச்சு நாம கூட்டவா போறோம், பெருக்கவா போறோம்? அது எண்ணே இல்ல, அடையாளம். நாளைக்கே அதுல ஒரு எழுத்து வந்துச்சுன்னா என்ன பண்ணுவாங்கன்னு கேளுங்க."

நாற்காலி இந்தப் பக்கம் திரும்பியது. "அக்கா, நாளைக்கு ஒரு எழுத்து..."

"அந்த நாளைக்கு என்னைக்கு வருதுன்னு கேளுங்க. நானும் அவர் சேர்ந்த நாள்லேருந்து பாத்துட்டிருக்கேன். ஒத்தை எழுத்து வரல."

"தொலைநோக்குன்னு ஒண்ணு இருக்குன்னு சொல்லுங்க."

"பக்கத்துல இருக்கறது தெரியாதவங்களுக்குத்தான் அது வேணும்னு சொல்லுங்க."

நடுநிலை நாற்காலியை நடுவில் நிறுத்தி, டீ குடிக்கப் போனார்.

இப்படியே காலம் போயிருக்கும். ஆனால் பிரிவின் தலைவர் ஓய்வுபெற்றார். இயக்குநர் எல்லோரையும் கூட்டி, அந்தத் திரையை யார் ஓடவைக்கிறார்களோ அவருக்கே தலைவர் பதவி என்று அறிவித்தார். அது நியாயமான வழி என்று அவர் நம்பினார். யாரைத் தேர்ந்தெடுப்பது என்று தான் யோசிக்காமல் தப்பிக்கும் எந்த வழியையும் அவர் நியாயமானது என்றே நம்புவார்.

அக்காவுக்கு அந்தப் பதவி வேண்டும். வேண்டும் என்றால், அடிவயிற்றிலிருந்து வேண்டும். இதுவரை வந்த தலைவர்கள் எல்லோருக்கும் வேலை கற்றுக்கொடுத்தவள் அவள். கற்றுக்கொண்டவர்கள் அந்தக் கதவுள்ள அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பிரிவிலேயே கதவுள்ள அறை அது ஒன்றுதான். அவளுக்கு வீட்டிலும் கதவு கிடையாது. அம்மா இரவில் கூப்பிட்டால் கேட்கவேண்டும் என்று அவள் கூடத்தில்தான் படுப்பாள்.

தம்பிக்கும் பதவி வேண்டும். அவனுக்கு ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஆண்களுக்குப் பதவி ஏன் வேண்டும் என்று உலகம் கேட்பதில்லை.

சிக்கல் என்னவென்றால், திரையை ஓடவைக்கத் தன் டேபிளை மாற்றவேண்டும். தன் டேபிளை மாற்றினால் இத்தனை நாள் தாமதத்துக்குத் தன் டேபிள்தான் காரணம் என்று ஆகிவிடும். காரணமானவருக்குப் பதவி எப்படிக் கிடைக்கும்? ஆகவே இருவரும் மருந்து எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே அதைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் தேட ஆரம்பித்தார்கள்.

தம்பி புதிய இன்டெக்ஸ்களைப் போட்டான். ஊரில் உள்ள எல்லாக் கதவுக்கும் சாவி செய்தான், பூட்டியிருந்த ஒரு கதவைத் தவிர. அக்கா டேபிளிடம் கேட்கும் கேள்வியான குவெரியை உடைத்து, திருப்பி, உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக எழுதிப்பார்த்தாள். டேபிள்களின் புள்ளிவிவரம் பழசாகிவிட்டது என்று அவன் அதைப் புதுப்பித்தான். அவள் நெட்வொர்க் கேபிள்மேல் பழிபோட்டாள். கேபிளை மாற்றினார்கள், புதிய கேபிள் வழியாகத் தாமதம் இன்னும் தெளிவாக வந்தது.

பிறகு இயக்குநர் வெளியிலிருந்து ஆலோசகர் ஒருவரை வரவழைத்தார். அவர் வந்த அன்று எல்லோர் மேசையையும் துடைத்தார்கள். அவர் நடந்தார், நின்றார், திரையை நெடுநேரம் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது ஒன்றும் காட்டாது என்பது அவருக்குத் தெரியாததால், அவர் ஆழ்ந்து யோசிப்பதாகவே எல்லோரும் நினைத்தார்கள். கடைசியில் பெரிய மெஷின் வாங்கச் சொன்னார். வாங்கினார்கள். முன்பு மெதுவாக ஒவ்வொரு வரியாகப் படித்த கணினி, இப்போது பெரிய விசிறிகள் உறும ஒவ்வொரு வரியாகப் படித்தது.

நடுநிலை ஒரே ஒருமுறை வாய்திறந்தார். "ரெண்டு பேர் டேபிள்லயும் இருக்கறதைத் தொடவேண்டாம். பக்கத்துல புதுசா ஒரு பத்தி சேர்த்து, அதுல எண்ணா ஒரு நகல் வச்சு, அதுக்கு ஒரு இன்டெக்ஸ் போட்டா..."

அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தார்கள். பல வருடங்களில் இருவரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அது. அப்படிச் செய்தால் பதவி நடுநிலைக்குப் போய்விடும்.

"சும்மா சொன்னேன்," என்றார் நடுநிலை. "எனக்கு எதுக்கு வம்பு?"

அந்த வாரத்தில்தான் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அக்கா அவளை ஆட்டோவில் ஏற்றித் தன் மருத்துவமனைக்கே கூட்டிவந்தாள். வேறு எங்காவது போயிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை.

வரவேற்பு மேசைப் பெண் ஒத்துக்கொள்ளாத மருந்து வரை அம்மாவிடமே கேட்டு, அவளைப் புது நோயாளியாகப் பதிந்தாள். எக்ஸ்ரே எடுத்தாயிற்று. டாக்டர் கட்டுப்போட உட்கார்ந்தார். அம்மாவுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று திரையில் பார்த்துவிட்டுத்தான் ஊசி போடுவேன் என்றார். திரை யோசிக்க ஆரம்பித்தது.

"உங்க அம்மாவா, அக்கா?" என்றாள் மேசைப் பெண். "அப்படீன்னா சீக்கிரம் வரும்னு நெனைச்சுக்காதீங்க. மாமியாருக்குச் சொந்தம், அந்நியம்லாம் கிடையாது. அது யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள எலும்பு தானாவே கூடிடும்."

"எனக்கு என்ன ஒத்துக்காதுன்னு எனக்கே தெரியுமேம்மா. என்னைக் கேளுங்களேன்," என்றாள் அம்மா.

"நீங்க சொன்னா ஆகாது பாட்டிம்மா. அது சொல்லணும்."

தம்பி மாடியிலிருந்து ஓடிவந்தான். பின்னாலேயே நடுநிலையும் மூச்சிரைக்க வந்தார். தன் தேவை இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"அவர்கிட்ட கேளுங்க, இப்பவாவது திருப்தியான்னு," என்றாள் அக்கா.

"சார், அக்கா..."

"அம்மா வலியில இருக்கறப்பகூட என்னைக் குத்தறதுதான் முக்கியமான்னு கேளுங்க."

"அக்கா, வலியில..."

"நிறுத்துங்கடா!" அம்மா நல்ல கையால் மேசையைத் தட்டினாள். "கை உடைஞ்சு உக்காந்திருக்கேன். ரெண்டு பேரும் ஒரு டப்பாவைக் காட்டிச் சண்டை போடறீங்க. இந்தப் பெரிய மனுஷர் நடுவுல தலையைத் தலையை ஆட்டறார். என்னதான் பிரச்சனை?"

அக்கா சொன்னாள். "அம்மா, ஒரே எண்ணை அவன் எழுத்தா வச்சிருக்கான், நான் எண்ணா வச்சிருக்கேன். யாராவது ஒருத்தர் மாத்திக்கணும். மாத்தினா உடனே வந்துடும்."

"மாத்தவேண்டியதுதானே?"

"மாத்தினவங்க மேலதான் தப்புன்னு ஆயிடும். தலைவர் வேலை மத்தவங்களுக்குப் போயிடும்."

அம்மா யோசித்தாள். திரையைவிட வேகமாக யோசித்தாள் என்று சொல்லவேண்டும்.

"நீ மாத்திடு," என்றாள் அக்காவிடம்.

"நான் எதுக்கும்மா?"

"நீதானே பெரியவ. விட்டுக்குடுத்துப் போனா என்ன குறைஞ்சிடுவ? அவனுக்குக் குடும்பம் இருக்கு."

"எனக்கு?"

"உனக்குத்தான் நான் இருக்கேனே."

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் கவனமாகப் பார்த்தார். மேசைப் பெண் இல்லாத ஒரு பேனாவைத் தேடினாள். நடுநிலைகூட யார் பக்கமும் திரும்பாமல் தன் செருப்பையே பார்த்தார்.

"அம்மாவே சொல்லிட்டாங்க," என்றான் தம்பி. வருடக்கணக்கில் அவன் அக்காவிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. அப்போது திரையில் அம்மாவின் பெயர் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், வெளிநோயாளிகள் இல்லாத நேரத்தில், அக்கா தனியாக வந்து உட்கார்ந்து தன் டேபிளை மாற்றினாள். அவளுடைய எண்கள் எல்லாம் எழுத்தாயின. சோதித்துப் பார்த்தாள். எண்ணைத் தட்டி விரலை எடுப்பதற்குள் விவரம் வந்து நின்றது. இன்னொன்றைத் தட்டினாள். வந்தது. இவ்வளவு சுலபமாக வருவது, அவளை யாரோ கேலிசெய்வதுபோல இருந்தது.

மறுநாள் கூட்டத்தில் இயக்குநர் தானே ஓர் எண்ணைத் தட்டினார். ஆறுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தவர், அவற்றை விட நேரமில்லாமல் விழித்தார்.

"அக்காவோட டேபிள்ல ஒரு சின்னக் குறை இருந்துச்சு, சார்," என்றான் தம்பி. "நான் ஆரம்பத்துலேருந்தே சொல்லிட்டிருந்தேன். நடுநிலைக்குத் தெரியும்."

"சொல்லிட்டிருந்தாரு," என்றார் நடுநிலை. அது உண்மைதான். அக்காவும் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது அதைவிடக் குறைந்த உண்மை அல்ல. ஆனால் அதை யாரும் கேட்கவில்லை, அவரும் கேட்காததைச் சொல்லிப் பழகியவர் அல்ல.

"அவங்க பெருந்தன்மையா ஒத்துக்கிட்டு சரிபண்ணிட்டாங்க," என்று முடித்தான் தம்பி.

இயக்குநர் பெருந்தன்மைக்காகக் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். தம்பி கதவுள்ள அறைக்குப் போனான். கதவு சாத்தப்படும் சத்தம் அக்காவுக்குப் பழகிய சத்தம்.

ஆனால் அவளிடம் ஒரு விஷயம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையே அதைப் பார்த்துவிட்டாள்.

அந்த மருத்துவமனையில் மறுபரிசோதனைக்கு வருகிறவர்களை நோயாளி எண் வரிசையில் கூப்பிடுவார்கள். நம்மிடம் முதலில் வந்தவருக்கே முதல் மரியாதை என்பது இயக்குநர் வகுத்த கொள்கை. பழைய நோயாளிக்குச் சின்ன எண், அவர் முதலில். புது நோயாளிக்குப் பெரிய எண், அவர் கடைசியில். அந்தப் பட்டியல் அக்காவின் டேபிளிலிருந்து வருவது. எண்ணாக இருந்தவரை ஒழுங்காக வந்தது. எழுத்தாக மாறியபிறகு அது அகராதியைப்போல அடுக்க ஆரம்பித்தது. முதல் இலக்கத்தைத்தான் முதலில் பார்க்கும். பத்து, இரண்டுக்கு முன்னால் நிற்கும். ஆயிரமும் இரண்டுக்கு முன்னால் நிற்கும். இந்த மாதம் எண் லட்சத்தைத் தாண்டிவிட்டது. நேற்றுச் சேர்ந்த, லட்சத்துச் சொச்சம் எண்ணுள்ள நோயாளியும், ஆஸ்பத்திரி திறந்த காலத்திலிருந்து வருகிற இரண்டாம் எண் கிழவருக்கு முன்னால் நிற்பான்.

சரிசெய்ய ஒரே ஒரு வரி போதும். அக்காவின் விரல் அந்த வரியின் பக்கம் போனது. பிறகு கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

இனி புகார் வரும். மறுபரிசோதனைக் கூடத்தில் ரகளை நடக்கும். இயக்குநர் தலைவரைக் கூப்பிடுவார். தலைவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, வேறு வழியில்லாமல், அவளிடம் நேராகக் கேட்பான். அதற்கு என்ன பதில் சொல்வது என்பதை அவள் பாத்திரம் கழுவும்போது சொல்லிப்பார்த்தாள். "நீங்க கேட்டபடி எழுத்தா மாத்தினேன். எழுத்து, எழுத்து வரிசையிலதான் நிக்கும்." சொல்லச்சொல்ல அது இன்னும் அழகாக வந்தது. கடைசியில் ஒரு 'சார்' சேர்த்துக்கொண்டாள்.

புகார் வரவில்லை.

தவறான வரிசை கண்ணிமைக்கும் நேரத்தில் வந்தது. வேகத்தை எல்லோரும் மெச்சினார்கள். முன்னால் கூப்பிடப்பட்டவர்கள், மேலிடத்தில் தமக்கு யாரோ வேண்டியவர் இருப்பதாக நினைத்து மகிழ்ந்தார்கள். பின்னால் தள்ளப்பட்டவர்கள், முன்னால் போனவருக்கு மேலிடத்தில் யாரோ இருப்பதாக நினைத்துப் பொருமினார்கள். உலகம் இப்படித்தான் நடக்கும் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. டேபிள்மேல் சந்தேகம் யாருக்கும் வரவில்லை. அந்த இரண்டாம் எண் கிழவர் மட்டும் ஒருநாள் மேசைப் பெண்ணிடம், "நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்னு உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அவள் சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அக்கா தன் பதிலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பயன்படுத்தாத பதில் நாளாக நாளாகப் புளிக்கும்.

அம்மாவுக்குக் கட்டுப் பிரிக்கும் நாள் வந்தது. அக்கா அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளைக் கூட்டிவந்தாள். கூடம் நிறைந்திருந்தது. கட்டுக் கால்கள், கட்டுக் கைகள், சக்கர நாற்காலிகள். விடிந்ததிலிருந்து காத்திருக்கிற முகங்கள். அம்மாவை உட்காரவைக்க இடம் தேடிக்கொண்டிருக்கும்போதே முதல் பெயரைக் கூப்பிட்டார்கள். அம்மாவின் பெயர்.

கூடமே திரும்பிப் பார்த்தது. அம்மா நிமிர்ந்தாள். பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பெண்ணிடம், அவள் கேட்காமலேயே, "எம்பையன்தான் இங்க தலைவர்" என்றாள். அந்தப் பெண் காலை மடக்கி வழிவிட்டாள்.

"பாத்தியா?" என்றாள் அம்மா, அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தபடி. "பதவி வந்ததும் பெத்தவளை மறந்துடுவான்னு நெனைச்சேன். முத ஆளா கூப்பிடச் சொல்லிருக்கான். நீயும் இத்தனை வருஷமா இங்கதானே இருக்க, ஒருநாள் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லிருப்பியா?"

அக்கா வாயைத் திறந்தாள். இது அவன் செய்ததல்ல என்று சொன்னால், யார் செய்தது என்று சொல்லவேண்டும்; ஏன் செய்தாள் என்றும் சொல்லவேண்டும். அம்மாவின் பையையும் எக்ஸ்ரே உறையையும் மறு கைக்கு மாற்றிக்கொண்டு, கதவைத் திறந்து பிடித்தாள்.

அம்மாவின் நோயாளி எண் லட்சத்துச் சொச்சம்; அது ஒன்றில் தொடங்கியது.